இடது கையில் விளக்கு

"நானே நேர்ல போய், கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தேன்" என்று புத்தக வெளியீட்டு விழாவில் வாய் கூசாமல் சொன்னார் பேராசிரியர்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய ஆராய்ச்சி மாணவிக்கு வயிறு பற்றி எரிந்தது. போனாராமே! விசாவுக்கு நாயாய் அலைந்து, இரண்டு விமானம் மாறி, அந்தப் பழைய மண்டபத்தில் ஆறு வாரம் தன்னந்தனியாகக் கிடந்தவள் அவள். இந்த மனுஷன் அந்தத் தேசத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

மண்டபத்தின் கூரை முழுக்க ஓவியம். ஏணி வைக்கக் கூடாது, தரையில் படுக்கக் கூடாது என்று காவலாளி கறாராகச் சொல்லிவிட்டார். நாள் முழுக்க அண்ணாந்து படமெடுத்தால் கழுத்து போய்விடும். நல்லவேளை, அக்காவின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் துண்டில் சுற்றி எடுத்துப் போயிருந்தாள். "உடைச்சே, வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டேன்" என்று மிரட்டித்தான் கொடுத்தாள் அக்கா. போய் இறங்கும்போதே ஒரு மூலை உடைந்திருந்தது. அதைத் தரையில் வைத்து, அதில் தெரிந்த ஓவியத்தைப் படம் பிடித்தாள். கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும். ஆய்வேட்டில் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று, எடுத்ததை எடுத்தபடியே தினமும் சாருக்கு அனுப்பினாள். எப்படி எடுத்தாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது அத்தனை படமும் அவர் பெயரில். புத்தகத்தில் இவளுக்கு ஒரு வரி நன்றிகூடக் கிடையாது. இனி இவள் ஆய்வேட்டைக் கொடுத்தால் அவரைப் பார்த்துக் காப்பியடித்தாள் என்பார்கள். மூன்று வருஷ உழைப்பு, அடப்பாவி!

பேராசிரியர் திரையைக் காட்டினார். "பாருங்க, இந்தப் பொண்ணு இடது கையில விளக்கு பிடிச்சிருக்கா. அந்தக் காலத்து ஓவியம் வேற எதுலயும் இப்படி இல்ல. என் புத்தகமே இதைப் பத்தித்தான்."

கைதட்டல் காதைப் பிளந்தது. அவள் விருட்டென்று எழுந்தாள்.

"வம்பு வேண்டாம்டி, உன் பட்டம் அவர் கையில இருக்கு" என்று பக்கத்தில் இருந்த தோழி கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உதறிவிட்டாள்.

"சார், நேர்ல பார்த்தப்பவும் இடது கைதானா?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேம்மா. உட்காரு."

"அவ வலது கையிலதான் சார் பிடிச்சிருக்கா. படத்துல கீழ் மூலை உடைஞ்சிருக்கே, தெரியுதா? நீங்க பார்த்தது கூரையை இல்ல. எங்க அக்காவோட கண்ணாடியை."

பேராசிரியர் திரும்பி, முதல் தடவையாக அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார்.