துவக்குப் பெட்டியில் விடிந்த காலைகள்

ஒரு துப்பாக்கிச் சூட்டில் பலர் செத்த பிறகு, ஆஸ்திரேலிய அரசாங்கம் சனங்களின் துவக்குகளைத் திரும்ப வாங்கப்போகிறது என்று செய்தியில் சொன்ன நாளுக்கு மறுநாளிலிருந்து, சிட்னி பிளாக்டவுனில் இருக்கும் றெஜினோல்ட் ஒவ்வொரு காலையும் தன் துவக்குப் பெட்டிக்குள்தான் கண்விழித்தார். படுக்கும்போது கட்டிலில் மனைவி பற்றிமாவுக்குப் பக்கத்தில் படுப்பார், செபமாலையின் நடுவிலேயே குறட்டை விடுவார். விடியும்போது, கராஜ் மூலையில் சுவரோடு போல்ட் அடித்து இறுக்கிய இரும்புப் பெட்டிக்குள், துவக்குக்குப் பக்கத்தில், சுரூபக்கூட்டில் சுரூபம் நிற்பதுபோல நிமிர்ந்து நிற்பார். பெட்டி வெளியே பூட்டியபடி இருக்கும். பூட்டைத் திறக்கும் திறப்பு வீட்டு ஹோலில் அந்தோனியார் சுரூபத்தின் கழுத்தில் தொங்கும். முதல்நாள் பற்றிமா வீடெல்லாம் தேடி, தட்டும் சத்தம் கேட்டுக் கராஜுக்கு ஓடி, திறப்பைக் கீழே போட்டுப் போட்டுத்தான் அவரை வெளியே எடுத்தாள். அந்தக் கிழமை முடிவதற்குள் பதற்றம் போய்விட்டது. கேத்திலைப் போட்டுவிட்டு வந்து பெட்டியைத் திறப்பாள், அவர் முதுகை நெளித்துக்கொண்டு சாரத்தைச் சரிசெய்தபடி வெளியே வருவார், தண்ணீர் கொதிப்பதற்குள் இரண்டு பேரும் குசினிக்குப் போய்விடுவார்கள்.

காரணம் என்னவென்று பற்றிமாவுக்கு அப்போதே தெரியும். செய்தி வந்த அன்று றெஜினோல்ட் மெழுகுதிரி கொளுத்தி, அந்தோனியாருக்கு முன்னால் முழங்காலில் நின்று, "இந்தத் துவக்கு எங்க இருக்குதோ அங்க நானும் இருப்பன், இதை ஒருத்தற்ற கையிலயும் விடமாட்டன்" என்று வாய்விட்டு நேர்ந்துகொண்டதை அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு கேட்டிருந்தாள். மன்னார்ப் பக்கத்து ஆட்கள் நேர்த்தி வைக்கும்போது சொல்லை அளந்துதான் வைப்பார்கள். அந்தோனியார் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவர் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காய்ச்சல் மாறினால் ஆடு தருவேன் என்று நேர்ந்துவிட்டுக் குட்டியைக் கொண்டுபோய்க் கட்டிய ஒருவருக்கு, அந்தக் குட்டி ஆடாகும்வரைக்கும் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பற்றிமா தலையில் அடித்துக்கொண்டாள். கோயிலில் பாதர் நல்ல மனிதர், வியட்நாம்காரர், நேர்த்தியை வேறொரு தர்மமாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிச் செபித்தும் விட்டார். றெஜினோல்டின் வாய் மாற்றிச் சொன்னது, மனம் மாறவில்லை. அடுத்த விடியலிலும் கராஜிலிருந்துதான் தட்டும் சத்தம் கேட்டது.

இத்தனைக்கும் அவர் வேட்டைக்காரர் அல்ல. சாமான் கிடங்கு ஒன்றில் போர்க்லிப்ட் ஓட்டுபவர். கூட வேலை செய்த கொலின் என்ற வெள்ளைக்காரருக்கு பாதர்ஸ்டுக்கு அப்பால் ஒரு பண்ணை இருந்தது, முயல் சுட வா என்று கூப்பிட்டார், அந்தச் சாட்டில் லைசென்ஸ் எடுத்து வாங்கியதுதான் இந்தத் துவக்கு. பண்ணைக்குப் போன தடவைகளில் அவர் ஒரு முயலைத்தானும் சுட்டதில்லை. சுட்ட இடத்துக்கு முயல் வந்து மணந்து பார்த்துவிட்டுப் போனதைக் கொலின் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் சனிக்கிழமைகளில் றெஜினோல்ட் அதை வெளியே எடுத்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். துடைக்கிற முகத்தைப் பார்த்தால், அது இருக்கிறது என்பதே அவருக்குப் போதும் என்று தெரியும்.

அதற்குப் பின்னால் ஒரு பழைய பயம் இருந்தது. இலங்கையில் மன்னார்ப் பக்கத்து முருங்கனில் அவருடைய தகப்பன் சூசைதாசனிடம் வயலுக்கு வரும் பன்றியை விரட்ட லைசென்ஸ் துவக்கு ஒன்று இருந்தது. சண்டை தொடங்கியபோது, எல்லோரும் துவக்குகளை ஒப்படைக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். சட்டத்துக்குப் பயந்த மனிதர், அன்று பின்னேரமே கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்தார். பிறகு காட்டுப் பக்கமிருந்து வந்த இயக்கப் பொடியங்கள் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன் என்றார், முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வேறு பொலிஸ்காரர்கள் வந்து கேட்டார்கள். முன்பு வாங்கியவர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். பொடியங்களுக்குத்தானே கொடுத்தாய் என்று சூசைதாசனைக் கொண்டுபோய் உள்ளே போட்டுப் பூட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த றெஜினோல்ட் தாயோடு சோற்றுப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு வெளியே காலைகளில் நின்றான். கதவு திறக்கவேயில்லை. கையில் இருந்த துவக்கு தகப்பனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, கையில் இல்லாத துவக்குத்தான் அவரைக் கொண்டுபோனது. கடல் கடந்து, பிரஜையாகி, வீடு வாங்கி, தலை நரைத்த பிறகும் அந்தக் கணக்கை அவர் மனம் மாற்றி எழுதவில்லை.

துவக்கு வைத்திருந்த மற்றவர்களும் அந்த மாதங்களில் நிம்மதியாக இருக்கவில்லை. நார்த்மீட்டில் சடகோபன் என்று ஒருவர், மதுரைப் பக்கத்து இன்ஜினியர், இலக்குப் பார்த்துச் சுடும் கிளப்பில் றெஜினோல்டுக்குப் பழக்கமானவர். அவரிடம் ரைபிள்களே பல இருந்தன, ஆயுதபூஜைக்கு ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துப் பொரி கடலை படைப்பார். "ஒழுங்கா பூட்டி வச்சிருக்கிறவன்கிட்ட வந்து கேக்கறாங்க, திருட்டுத்தனமா வச்சிருக்கிறவன் எங்க வந்து குடுக்கப் போறான்?" என்று போனில் பொரிவார். பொரிந்து முடித்துவிட்டு, செய்தியில் அந்தச் சூட்டில் செத்துப்போனவர்களின் படங்களைப் பார்த்த பிறகு தனக்கே பெட்டியைத் திறக்கக் கூசுகிறது என்றும் சொல்வார். கொலின் தொண்ணூற்றாறில் அரசாங்கம் இப்படி வாங்கியபோதே ஒரு தடவை கொடுத்தவர். தகப்பனின் துவக்கைக் கொடுத்தேன், கொடுத்தது சரிதான், ஆனால் அது மாட்டியிருந்த சுவரை இன்னும் பார்க்கிறேன் என்பார். இப்போது மறுபடி கொடுப்பதா என்று கேட்டால் வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிப் பேசுவார். கொடுக்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் மனமில்லை. எல்லோருடைய நிலையும் அதுதான், றெஜினோல்ட் மட்டும் அதைப் பெட்டிக்குள் நின்று அனுபவித்தார்.

இந்த நேரத்தில்தான் டிலக்சியின் பிள்ளைப்பேறு நெருங்கியது. டிலக்சி அவர்களுடைய ஒரே மகள், மெல்பேர்னில் கேரம் டவுன்ஸ் பக்கம் புருஷன் அனோஜோடு இருக்கிறாள். முந்திய வருஷம் ஒரு பிள்ளை வயிற்றில் தங்காமல் போய், அழுது அழுது ஓய்ந்தவள். இந்தத் தடவை அம்மா பக்கத்தில் நிற்கவேண்டும் என்பது அவள் கேட்ட ஒரே ஒரு காரியம். பற்றிமா போனால் பெட்டியை யார் திறப்பது? இரண்டு பேருமாகப் போய்ப் பார்ப்போம் என்று ஒரு வெள்ளிக்கிழமை விமானம் ஏறினார்கள். மகள் வீட்டில் நண்டுக்கறியோடு சாப்பிட்டு, சோபாவை விரித்துப் படுத்தார் றெஜினோல்ட். விடிந்தபோது சோபாவில் போர்வை மட்டும் கிடந்தது. பற்றிமா அலறியடித்து அடுத்த விமானத்தில் சிட்னிக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. றெஜினோல்ட் கால் மரத்து, நாக்கு வறண்டு, அவள் தோளில் அப்படியே சாய்ந்தார். அன்றிலிருந்து பற்றிமா வீட்டைவிட்டு ஒரு இரவும் போகவில்லை. அந்தப் பெட்டி இரண்டு பேரையும் சேர்த்துத்தான் பூட்டியது.

போதாக்குறைக்குப் பெட்டியைப் பரிசோதிக்கப் பொலிஸ்காரர் ஒருவர் காலையிலேயே வந்துவிட்டார். பற்றிமா பெட்டியைத் திறந்தாள், உள்ளே துவக்கும் அதன் சொந்தக்காரரும் ஒழுங்காக நின்றார்கள். அவர் போல்ட்டுகளை ஆட்டிப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், றெஜினோல்டுக்கு வணக்கம் சொன்னார், பாதுகாப்பில் குறை இல்லை என்றார். ஒரேயொரு குறைதான் கண்டார். லைசென்ஸ் இல்லாத ஒருவர் கையில் பெட்டித் திறப்பு இருக்கக்கூடாது, இது சட்டம். அடுத்த தடவை வரும்போது அம்மாவும் லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் துவக்கு இங்கே இருக்கக்கூடாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். புருஷனை வெளியே எடுக்கத் துவக்கு லைசென்ஸ் எடுக்கவேண்டிய பெண் அந்த வட்டாரத்தில் பற்றிமா ஒருத்திதான்.

அன்று அவள் சமைக்கவில்லை. குசினிக் கதிரையில் இருந்தபடியே பேசினாள்.

"நான் துவக்குக்கு லைசென்ஸ் எடுக்கமாட்டன். பிள்ளைக்கு நாள் கிட்டுது, நான் போகவேணும்."

"நீர் போனா நான் உள்ளுக்க கிடந்து சாகிறதோ?"

"குடுங்கோ எண்டுதானே சொல்லுறன்."

"குடுத்தாப் பிறகு ஆரும் வந்து கேட்டா?"

"இஞ்ச ஆர் வந்து கேக்கப்போறாங்கள்?"

"அப்பாவும் அப்பிடித்தான் நினைச்சவர்."

பற்றிமாவும் அந்த ஊர்க்காரிதான், அந்தக் கதவை அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள். பிறகு எழுந்துபோய் அந்தோனியார் கழுத்திலிருந்து திறப்பைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"உங்கட அப்பாவுக்குக் கதவு திறக்க ஒருத்தரும் இல்லை. உங்களுக்கு நான் இவ்வளவு நாளும் திறந்தனான். இப்ப என்ர பிள்ளைக்கு நான் வேணும்" என்றாள்.

றெஜினோல்ட் அழுதார். தகப்பனுக்காக அழுதாரா, தனக்காக அழுதாரா என்று அவருக்கே தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, துவக்கை உறையில் போட்டுக் காரின் பின்னால் வைத்து, துவக்குகளை வாங்கும் பொலிஸ் களஞ்சியத்துக்குக் கொண்டுபோனார். வரிசையில் கொலின் நின்றார், பார்த்ததும் வானத்தைப் பார்த்தார். சடகோபன் ஒரேயொரு ரைபிளை மட்டும் கொண்டுவந்திருந்தார், மிச்சத்துக்கு மனசு வரவில்லை என்றார். றெஜினோல்டின் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்த இளம் பொலிஸ்காரி துவக்கை இழுத்தாள், அவர் பிடியை விடவில்லை. அவள் கோபப்படவில்லை, இன்னொரு தரம் மெதுவாக இழுத்தாள். இந்த முறை வந்தது. கார் நிறுத்திய இடத்துக்குத் திரும்பி நடக்கும்போது கை வெறுமையாக இருந்தது அவருக்குப் பயமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. பெட்டியை அன்றைக்கே கழற்றிக் கவுன்சில் குப்பைக்காரர் எடுக்கட்டும் என்று வாசலில் வைத்தார், பின்னேரத்துக்குள் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பற்றிமா கருவாடும் பேறுகாலப் பத்தியத்துக்குச் சரக்குத்தூளும் கட்டிக்கொண்டு மெல்பேர்னுக்குப் பறந்தாள்.

மறுநாள் காலை றெஜினோல்ட் பொலிஸ் களஞ்சியத்தின் பின்வளவில் நின்ற கப்பல் கொள்கலன் ஒன்றுக்குள் கண்விழித்தார். துவக்கு எங்கே இருக்குமோ அங்கே இருப்பேன் என்றுதானே நேர்ந்திருந்தார், அந்தோனியார் தன் பங்கைத் தவறாமல் செய்தார். கம்பித் தட்டுகளில் துவக்குகள் அடுக்கியிருக்க, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மனிதர் படுக்கை உடுப்போடு நின்றார். கொலின் கோடு போட்ட பைஜாமாவில் நின்று தலையை ஆட்டினார். சந்தனப் பொட்டு அழியாத ரைபிளுக்குப் பக்கத்தில் சடகோபன் வேட்டி பனியனோடு நின்றார். அந்தோனியார் என்ன, ஆழ்வார் என்ன, கொடுக்கும் நேரத்தில் துவக்கைப் பார்த்து ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் வாயால் ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் இருந்தார்கள். வெளியே பூட்டியிருந்தது. பொலிஸ்காரர்களின் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பது இப்படித்தான் இருந்திருக்கும் என்று றெஜினோல்ட் நினைத்தார், தகப்பன் எந்தப் பக்கம் பார்த்து நின்றிருப்பார் என்று நினைத்தார். சோற்றுப் பார்சலின் வாழையிலை மணம்கூட வந்தது. அப்போது பூட்டில் திறப்பு நுழையும் சத்தம் கேட்டது. நேற்றைய பொலிஸ்காரிதான். கதவை அகலத் திறந்து, எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லி, ஒவ்வொருவராக வெளியே வரச் சொன்னாள். றெஜினோல்ட் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினார். அவளுடைய போனை வாங்கி மெல்பேர்னுக்கு எடுத்து, இன்றைக்கும் துவக்குக்குப் பக்கத்தில்தான் விழித்தேன் என்றார்.

"எங்க நிக்கிறீங்கள்? ஆர் திறந்தது?" என்றாள் பற்றிமா.

"பொலிஸ்."

அந்தப் பக்கம் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"விட்டவங்களோ?"

"ஓம். விட்டவங்கள். தேத்தண்ணியும் தந்தவங்கள்."

பற்றிமா விம்முவது கேட்டது. பிறகு, அப்ப சரி, டிலக்சிக்குப் பிள்ளை நோவு தொடங்கிவிட்டது, நான் வைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்று மத்தியானம் பெண்பிள்ளை பிறந்தது, தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம்.

கொள்கலனில் இருக்கும் துவக்குகளை உருக்க வேண்டும், உருக்குகிற இடத்தில் வரிசை நீளம் என்று சொல்கிறார்கள். உருக்கின பிறகு எங்கே விழிப்பது என்று சடகோபன் ஒரு நாள் கேட்டார், கொலின் மழையைப் பற்றிப் பேசினார். சடகோபன் ஒன்றைக் கொடுத்து மிச்சத்தை வைத்திருப்பதால் ஒரு நாள் அங்கேயும் ஒரு நாள் நார்த்மீட்டில் தன் பெட்டிக்குள்ளும் விழிக்கிறார். பற்றிமா மெல்பேர்னில் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள், வர இன்னும் நாள் ஆகும். களஞ்சியத்தில் கதவு தினமும் திறக்கிறது, றெஜினோல்டுக்குச் சீனி வேண்டாம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து பிளாக்டவுனுக்கு ஒரே பஸ்தான். அவர் இப்போது சாரத்தை விட்டுக் காற்சட்டை போட்டு, பொக்கற்றில் பஸ்ஸுக்கான ஓபல் கார்டை வைத்துக்கொண்டு படுக்கிறார்.