லாம்

என் தம்பிக்கு நான் வைத்த பெயர் லாம். பிறந்தபோது வைத்த நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அதை வீட்டில் யாரும் உபயோகிப்பதில்லை. அவன் வாயைத் திறந்தால் எந்தப் பேச்சும் லாமில்தான் போய் முடியும். வேலைக்கு எழுதிப் போட்டாயா என்றால் போட்டுக்கலாம். கரண்டு பில் கட்டினாயா என்றால் கட்டிக்கலாம். இந்த விலைக்கு ஷூ வாங்கியிருக்கிறாயே, பணத்துக்கு எங்கே போவாய் என்றால், பாத்துக்கலாம்!

அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அது அவன் தப்பில்லை, பாவம். ஆனால் அதற்கு அப்புறம் அவன் வீட்டில் உட்கார்ந்தான், பார்சல்கள் வேலைக்குப் போகிறவை மாதிரி தினமும் கிளம்பி வந்தன. "ஏதுடா காசு?" என்று கேட்டால், "தவணையிலதான்க்கா, முதல் மாசம் ஒண்ணுமே கட்ட வேணாம்" என்பான். முதல் மாதம் என்று ஒன்று இருந்தால் அடுத்த மாதம் என்றும் ஒன்று வரும் என்பது அந்த மண்டையில் ஏறவே இல்லை.

இதில் என் பிழைப்பு வேறு. வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்றில், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கென்று லிஃப்ட் பக்கத்தில் ஒரு கவுண்டர் உண்டு. அதில் உட்கார்ந்திருப்பவள் நான். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகள்தான். பில் இருக்கா? பிரிச்சாச்சா? திருப்பித் தர என்ன காரணம்? ஒருத்தர் ஒரு ஃப்ளாஸ்க்கை நீட்டி, "பிரிக்கவே இல்லம்மா, கலர் பிடிக்கல" என்றார். மூடியைத் திறந்தால் உள்ளே அரை ஃப்ளாஸ்க் டீ, சூடாக. எனக்கே காதில் பூ சுற்றுகிறார்கள்! நாள் முழுக்க இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் புதுப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். வயிறு எரியுமா எரியாதா?

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு படுக்கையறை. அது லாமுக்கு. முதலில் படிக்கிறான் என்று கொடுத்தோம், பிறகு நைட் ஷிஃப்ட் போகிறான் என்று, அப்புறம் வேலை போன வருத்தத்தில் இருக்கிறான் என்று. நானும் அம்மாவும் ஹாலில். கழுதை வயதாகியும் எனக்கென்று சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது. அதற்காகத்தான் சீட்டுக் கட்டுகிற மாதிரி மாதாமாதம் சேர்த்து வைத்தேன். கடைக்குப் பின்னால் ஒரு மாடியில் ஒற்றை அறை வாடகைக்கு வந்தது. ஜன்னல் உண்டு, குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது. வீட்டுக்கார அம்மா, ரிட்டயர்டான நர்ஸ், கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒண்ணாம் தேதி அட்வான்ஸ் கைக்கு வரணும். வரலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவேன்."

அந்த மாதக் கடைசியில்தான் போன் வந்தது. எதிரே இஸ்திரிப் பெட்டியோடு ஒரு அம்மா நின்று கத்திக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் வரிசை லிஃப்ட் வரைக்கும். போனில் தவணைக் கம்பெனிக்காரன், தேன் ஒழுகும் குரல். "மேடம், உங்க தம்பி மூணு தவணை கட்டல. உங்க நம்பர்தான் குடுத்திருக்கார்."

"சரி சரி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அவன் தோலை உரிக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற அர்த்தத்தில் சொன்னது. தேன்குரல் அதை எப்படி எடுத்துக்கொண்டான் என்பது சாயந்திரம் தெரிந்தது. நிலுவைத் தொகை முழுவதையும் தாங்களே பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டமைக்கு நன்றி என்று எனக்கு ஒரு மெசேஜ். தொகை, ஏறக்குறைய என் அட்வான்ஸ். அடப்பாவி!

வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். அம்மா படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உன் தம்பிதானே, நீ பாத்துக்கக் கூடாதா? ரூம் எங்க ஓடிடப் போகுது, அப்புறமா எடுத்துக்கயேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்கூலுக்குப் போகும்போது தம்பியைப் பாத்துக்கோ, ரோடு தாண்டும்போது பாத்துக்கோ, அப்பா போனதும் இனிமே நீதான் பாத்துக்கணும். என்னை யார் பார்த்துக்கொள்வது என்று இந்த வீட்டில் ஒரு ஆள் கேட்டதில்லை. அழுகையைத் துடைப்பதற்குள் கதவு இடுக்கிலிருந்து அவன் குரல் வந்தது.

"விடுக்கா. இன்னொரு ஆப் இருக்கு. அதுல கடன் வாங்கி இதை அடைச்சிடலாம்."

அவ்வளவுதான். எங்கிருந்து வந்ததோ எனக்கு அந்தக் கோபம். சாப்பாட்டு மேஜையில் இருந்ததை எல்லாம் ஒரு ஓரமாகத் தள்ளினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கடையில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தேன்.

"வாங்கினது எல்லாத்தையும் கொண்டு வா. வரிசையில நில்லு."

"வரிசையா? நான் ஒருத்தன்தானேக்கா?"

"நில்லுடா!"

முதலில் ஷூ வந்தது. பில் இருக்கா? இருந்தது. பிரிச்சாச்சா? ஆச்சு. காரணம்?

"காலைல ஓடலாம்னு."

"ஓடினியா?"

"மழையா இருந்துச்சு."

அடுத்து காபி மெஷின். வெளியே காபி குடிக்கிற செலவு மிச்சமாகலாம் என்று வாங்கினானாம். அப்புறம் கிதார், கற்றுக்கொள்ளலாம் என்று. பிறகு ஒரு டென்ட்! "எதுக்குடா டென்ட்?" "ஃபிரெண்ட்ஸோட மலைக்குப் போகலாம்னு." "எந்த ஃபிரெண்ட்ஸ்?" டென்ட்டைக் கீழே போட்டுவிட்டு அடுத்த பெட்டியை எடுக்கப் போய்விட்டான். அம்மா சமையலறை வாசலில் நின்று சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள்.

ஏழெட்டு பெட்டி தாண்டியதும் அவனுடைய லாம் தேய்ந்துபோனது. ஒரு ஹெட்ஃபோன் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"காரணம்?"

"தெரியலக்கா."

"தெரியலைன்னு எல்லாம் என் கவுண்டர்ல எழுத முடியாது. சொல்லு."

"பார்சல் வந்தா கீழே இருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. இன்டர்வியூ போன இடத்துல எல்லாம் நம்பர்தான் சொல்றாங்க. நீ லாம்ங்கிறே. அம்மா டேய்ங்கிறா. நாள் முழுக்க என் பேர் காதுல விழறது அந்த ஒரு தடவைதான்."

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவின் சிரிப்பும் நின்றுவிட்டது. நான் அந்தப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பிரிக்காத பெட்டி.

"நல்லவேளை, இது பிரிக்கல."

"பிரிச்சிட்டேன்க்கா."

மறுபடி பார்த்தேன். டேப் சுருக்கமில்லாமல் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. மூலை மடங்கவில்லை. வருடக்கணக்கில் திரும்பி வந்த பெட்டிகளைத் தடவிப் பார்த்தவள் நான், என்னையே ஏமாற்றிவிட்டான்.

"அம்மா பாத்தா திட்டுவாளேன்னு, பிரிச்சுப் பாத்துட்டு பழையபடி ஒட்டி வெச்சிடுவேன். ஹேர் டிரையர் காத்து லேசா பட்டா பழைய டேப் கிழியாம வந்துடும்."

"ஹேர் டிரையர் வேற வாங்கினியா?" என்றாள் அம்மா.

மறுநாள் காலை, தேன்குரலை நானே கூப்பிட்டேன். "நேத்து நான் பாத்துக்கறேன்னு சொன்னது என் தம்பியை. பணத்தை இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"நான் எங்கயாவது கையெழுத்துப் போட்டேனா?"

குரலில் தேன் கொஞ்சம் குறைந்தது. "இல்ல மேடம்."

"அப்போ வாங்கினவன்கிட்ட பேசுங்க" என்று போனைத் தம்பி கையில் திணித்தேன். பேயறைந்த மாதிரி நின்றான். "கட்டிட..." என்று ஆரம்பித்தான். நான் முறைத்தேன்.

"கட்டிடறேன். மொத்தமா என்னால முடியாது, வேலை இல்ல. பொருளை வித்து இந்த வாரம் கொஞ்சம் கட்டறேன். மிச்சத்தைச் சின்னச் சின்னத் தவணையா மாத்திக் குடுங்க. எழுத்துல குடுங்க. புதுசா எதுவும் வாங்க மாட்டேன்."

எதிர்ப்பக்கத்தில் தேன்குரல் இழுத்தான், மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னான், மறுபடி கூப்பிட்டு இன்னும் இழுத்தான். கடைசியில் இறங்கி வந்தான். அன்றைக்கே ஆப்புகளை அழிக்க வைத்தேன். ஒவ்வொன்றாக அழிக்கும்போது அவன் மூஞ்சியைப் பார்க்கவேண்டுமே, பல் பிடுங்கிக்கொள்கிறவன் மாதிரி! சில பொருளைக் கடைக்காரர்களே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். சிலதைப் பாதி விலைக்குத் தள்ளினோம். டென்ட்டை மட்டும் ஒரு ஜென்மமும் வாங்கவில்லை.

எங்கள் கடையில் திரும்பி வரும் பெட்டிகளை மறுபடி கட்டுவதற்கு அப்போது சரியான ஆள் இல்லை. இருந்தவர் கட்டினால் பெட்டியை நாய் கடித்த மாதிரி இருக்கும். மேனேஜரிடம் தம்பியைக் கூட்டிப் போனேன். அவன் ஒரு பெட்டியைப் பிரித்து, ஒட்டி, பிரிக்காத பெட்டிகளோடு கலந்து வைத்தான். மேனேஜர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். கடைசியில் தைரியமாக ஒன்றைக் காட்டினார். தப்பு.

"எங்கேம்மா பிடிச்சே இவனை?"

"வீட்லதான் சார், கொஞ்ச நாளா சும்மா கிடந்தான்."

தினக்கூலிதான். பெரிய சம்பளம் இல்லை. தவணை கட்டினால் மிச்சம் டீக்குக் காணும், அவ்வளவே. ஆனால் அன்று சாயந்திரம் வந்து, "கூலி வாங்கறப்போ பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்கக்கா" என்றான், ஏதோ மெடல் வாங்கின மாதிரி.

ஒண்ணாம் தேதி நர்ஸம்மா கையில் அட்வான்ஸை வைத்தேன். அந்த வாரம் முழுக்க அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்புகிற அன்றைக்குப் பார்த்தால், நல்ல பாத்திரமாகப் பொறுக்கி என் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி டேப் போட்டான். படுக்கையறையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டான். தனக்கு ஹால் நடுவில் அந்த டென்ட்டை அடித்திருந்தான். மலைக்குப் போன மாதிரியும் ஆச்சாம்.

"நீயும் போயிட்டா இங்க யாரு இருக்கா?" என்று அம்மா வாசலில் மூக்கை உறிஞ்சினாள். இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டியை இறக்கி வைத்திருப்பேன், சத்தியமாக.

"நீ கிளம்புக்கா" என்றான் தம்பி. "அம்மாவை நான் பாத்துக்கறேன்."

லாம் வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை.

விறுவிறுவென்று படி இறங்கினேன். தெருவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்சல்காரன் மாதிரி அண்ணாந்து, அவன் பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் ஓடிவந்து எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, எதையாவது விட்டுட்டியா?"

"இல்லடா. சும்மா கூப்பிட்டேன்."