முதல் அட்டை

மேசையின் மேல் ஓர் உலோகச் சட்டம். அதில் உள்ளங்கை அகலத்தில் நான்கு மின்னணு அட்டைகள், ஒரே அச்சில் வார்த்தவை போல. சிறிய செயற்கைக்கோளுக்கு இரண்டு போதும், பெரியதற்குப் பதினாறு. அட்டை மாறாது, எண்ணிக்கைதான் மாறும். அவற்றை வடிவமைத்த அவள் மூன்று வருடமாகச் சொல்லிவந்தது இவ்வளவுதான்.

ஒலிபெருக்கியில் வாயாடி பேசிக்கொண்டிருந்தான். எங்கோ ஒரு தரைநிலையத்தில் வேலை அவனுக்கு. வானத்திலிருக்கும் பழைய செயற்கைக்கோள் வழியாக வந்த அவன் குரலை இந்த அட்டைகள்தான் இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்தன. சோதனைக்கு அவனைப் பிடித்ததற்கு ஒரே காரணம், அவன் வாய் ஓயாது. இடையில் மௌனம் விழுந்தால் பழி அட்டை மேல்தான்.

"மச்சினன் நாய் வளக்கறான்னு சொன்னேன்ல? அவனத் தவிர எல்லார் பேச்சையும் கேக்குது."

மேசைக்கு எதிரே நின்ற பிரிவுத் தலைவர் சிரிக்கவில்லை. இதுவரை பறந்ததெல்லாம் அவர் வடிவமைத்த ஒற்றைப் பெரிய மின்னணுப் பலகை. அடுத்த செயற்கைக்கோளில் அதுவா, இவளுடையதா என்று மாலைக்குள் அவரே கையெழுத்துப் போட வேண்டும்.

"ஓடும்போதே ஒண்ணப் பிடுங்கினாலும் பேச்சு நிக்காதுன்னு எழுதியிருக்கீங்க."

"நிக்காது சார்."

அட்டைகளைப் பற்றவைத்தவரை எல்லோரும் ஈயம் என்றுதான் அழைப்பார்கள். அவர் பழக்கதோஷத்தில் நான்காவதைக் காட்டினார். அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். நான்காவதன் விளிம்பு மட்டும் தேய்ந்து பளபளத்தது. முப்பது ஒத்திகையிலும் அதைத்தான் பிடுங்கியிருந்தார்கள். மேசை ஓரத்தில் கைக்கு எட்டியது, அவ்வளவுதான். மற்ற மூன்றுக்கும் தாளம் தட்டுவது முதல் அட்டை. அது போனால், வரும் குரலை மற்றவை தேக்கி வைத்திருக்க, இரண்டாவது அட்டை தாளத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கணினிக் கணக்கில் வாங்கிக்கொண்டது. கையால் யாரும் பிடுங்கிப் பார்க்கவில்லை.

"முதல் அட்டைய எடுங்க சார். இதுவரைக்கும் நாங்க நாலாவதத்தான் எடுத்துப் பாத்திருக்கோம்."

ஈயம் அவள் பக்கம் குனிந்தார். "சும்மா கெடக்கற சங்க ஊதிக் கெடுக்கறியேம்மா."

"மேல போனப்பறம் எது சாகணும்னு நாம சொல்ல முடியாதுண்ணே."

தலைவர் அன்று முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தார். "முதலா?"

"முதல்தான்."

அவர் பிடுங்கினார்.

"அந்த நா..."

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. ஈயம் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மூடவில்லை. இரண்டாவது அட்டை இப்போது நிரலின் எந்த வரியைப் படிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அடுத்தது எது என்பதும்.

"...ய்க்கு சோறு வெக்கறதே நான்தான்," என்றான் வாயாடி, தனக்கு எதுவும் நடக்காதது போல.

"நின்னுச்சு," என்றார் தலைவர்.

"விக்கிக்கிச்சு சார். நிக்கல."

ஈயத்துக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாறியது. தலைவர் கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சூடு இன்னும் ஆறவில்லை. அதைக் கீழே வைக்காமலே, மற்றக் கையை மீதி மூன்றின் மேல் கொண்டுபோய் அந்தரத்தில் நிறுத்தினார்.

வாயாடி நாயின் அடுத்த சேட்டைக்குப் போயிருந்தான். அவள் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினாள், இப்போது தாளம் தட்டும் இரண்டாவது அட்டை அவர் விரலுக்கு எட்டும்படி.