தலைவரின் பெட்டிக்குள் விழுந்தவை

அந்தோனியார் சுரூபத்தைப் போர்வையில் சுற்றித் தோளில் சாத்திக்கொண்டு மக்டலீன் மல்வேர்னில் பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணன் அகஸ்ரினும் அண்ணியும் பிள்ளைகளும் பூசைக்குப் போயிருந்தார்கள். தலையிடி என்று சொல்லிப் படுத்திருந்தவள், கார் வீதியால் திரும்பிய சத்தம் கேட்டதும் எழும்பி பேஸ்மென்றுக்கு ஓடினாள். சாந்துச் சுரூபம், நல்ல கனம். பக்கத்து சீற்றில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி குழந்தையாக்கும் என்று ஆசையோடு எட்டிப் பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த வெளிறிய விரல்களைக் கண்டுவிட்டு, முன்னுக்குப் போய் இருந்துகொண்டாள். சொந்த அண்ணன் வீட்டிலேயே களவெடுத்தவள் என்று நாளைக்கு ஸ்கார்பரோ முழுக்கக் கதைப்பார்கள். கதைக்கட்டும். மக்டலீனுக்கு வேண்டியது ஒரேயொரு கடிதம்.

எல்லாம் ஊர் ஒன்றியத்தால் வந்த வினை. தீவுப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் சனம் ரொறன்ரோவில் கூடி ஒன்றியம் அமைத்து, மற்ற ஊர்க்காரருக்கு முந்திவிடவேண்டும் என்ற ரோசத்தில் இன்ரநெற்றில் ஊரின் பெயரையே வாங்கிப் போட்டிருந்தது. அந்தப் பெயரில் எல்லோருக்கும் ஈமெயில். எல்லோருக்கும் என்றால் ஆளுக்கொன்று இல்லை. கலியாணக் கார்ட் கொடுப்பதுபோல வீட்டுக்கு ஒன்று, வீட்டு ஆம்பிளையின் பெயரில். அதை வைத்து என்ன செய்வதென்று பாதிப்பேருக்குத் தெரியாது. விசிற்றிங் கார்ட்டில் அடித்துக்கொண்டு திரிந்தார்கள். உண்மையில் அதைக் கொண்டு உயிர் பிழைத்துக்கொண்டிருந்தவள் மக்டலீன் ஒருத்திதான். அவளுடைய புருசன் கஸ்பர், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டு, மேற்கு ஆபிரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகப் பட்டினத்தில் அகப்பட்டுக் கிடந்தான். ஏஜென்சி ஆட்கள் போன் எடுக்க விடமாட்டார்கள். ஆனால் கொம்பியூட்டர் வைத்திருந்த கடையொன்று இருந்தது. அகஸ்ரின் வீட்டு மெயில் அட்ரஸை அவன் செபம் போலப் பாடமாக்கி வைத்திருந்தான்.

பிறகு அந்தோனியார் திருநாளை ஒட்டி ஒன்றியத்துக்குள் பெரிய சண்டை வந்தது. இத்தாலியில் இருந்து எடுப்பித்த அந்தோனியார் ஒன்றியத் தலைவர் நீக்கிலாப்பிள்ளை வீட்டிலேயே இருப்பதா, வீட்டுக்கு வீடு போவதா என்பதுதான் பிரச்சினை. கூட்டத்தில் கதிரை பறந்தது. அகஸ்ரின் அந்தோனியாரைத் தூக்கித் தன் வானுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான். ஊரில் என்றால் நீக்கிலாப்பிள்ளை நாலு வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி. பிடிக்காதவனுக்கு வலை இல்லை, கடன் இல்லை, செத்தவீட்டுக்கு ஆள் இல்லை என்று தள்ளிவைத்துவிடுவார். இந்த ஊரில் வெட்டுவதற்கு அவரிடம் என்ன இருந்தது? யோசித்துப் பார்த்தார், மெயில் இருந்தது. அகஸ்ரின் பக்கம் நின்ற அத்தனை வீட்டு மெயிலையும் அழிப்பித்துவிட்டார்.

"உவையின்ரை மெயில் ஆருக்கு வேணும்? கஸ்பர் எப்பிடியும் போன் எடுப்பான்" என்று அகஸ்ரின் சொன்னான். அவனுக்கு ரோசம் பெரிது. கஸ்பர் கடைசியாக எழுதியதை மக்டலீன் அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்களை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள், இந்தக் கடைக்கு இனி எழுதாதே, போய்ச் சேர்ந்ததும் நான் எழுதுவேன், கண்டதும் பதில் போடு. கண்டதும்! அதைக் காண்பதற்கு வழியே இல்லாமல் போனது. வேலைத்தலத்துப் போனில் இருந்து அவள் யேசுரட்ணத்தைப் பிடித்தாள். ஒன்றியத்தின் மெயில்களைச் செய்து கொடுத்து நடத்திவந்தவன் அவன்தான். நல்லவன், ஆனால் பயந்த சுபாவம். தலைவர் இரு என்றால் இருப்பான்.

"அக்கா, அழாதேங்கோ. கடிதம் துலையாது" என்றான். "இல்லாத பேருக்கு வாற மெயில் எல்லாம் தலைவற்றை பெட்டிக்குள்ளை விழும். நான்தான் அப்பிடிச் செற் பண்ணினனான். எங்கடை சனம் பேரைப் பிழையா அடிக்குங்கள் எண்டு."

"அப்ப ஒருக்காத் திறந்து பாருங்கோவன் தம்பி."

"என்னட்டை இப்ப பாஸ்வேர்ட் இல்லை அக்கா. மாத்தித் தரச்சொல்லி வாங்கி வைச்சிட்டார். அந்தோனியார் வீட்டுக்கு வந்தால்தான் திறப்பாராம்."

அப்படித்தான் அந்தோனியார், தலைவர் வீடு இருந்த அஜின்கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்.

கதவைத் திறந்த நீக்கிலாப்பிள்ளை சாரத்துக்கு மேல் சுவெற்றர் போட்டிருந்தார். மக்டலீன் போர்வையை விலக்கினாள். அவர் சுரூபத்தை இரண்டு கையாலும் வாங்கி, காலணிகள் கிடந்த அந்த வாசலிலேயே முழங்காலில் நின்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. இந்த மனிசனைத் திட்டுவதற்கென்று பஸ்ஸில் வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்த சொற்கள் எல்லாம் மக்டலீனுக்கு மறந்துபோயின. அவர் மனைவி ஜோசப்பின் தேத்தண்ணீர் போடப் போனாள்.

"தேத்தண்ணி வேண்டாம் அக்கா. பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கோ" என்றாள் மக்டலீன்.

யேசுரட்ணம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தான். கூப்பிட்டதும் ஓடி வந்தான். பேஸ்மென்றில் இருந்த கொம்பியூட்டரில், வீட்டுப் போன் லைன் வழியாக மொடம் கத்தி ஓய்ந்து இன்ரநெற் கிடைத்தது. தலைவரின் பெட்டியில் ஒரு கடிதமும் திறக்கப்படவில்லை. திறக்கத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, நேரம் கிடைக்கேல்லை என்றார். திருநாள் படங்கள், விளம்பரங்கள், யார் யாருக்கோ வந்த வாழ்த்துக்கள். அவற்றுக்கு நடுவில் கஸ்பரின் மூன்று கடிதங்கள் கிடந்தன. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். யேசுரட்ணம் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

முதலாவதில் அவன் வேறு பட்டினத்துக்கு வந்துவிட்டான். மீன்பிடிக் கப்பல் ஒன்றில் ஸ்பெயினுக்கு ஏற்றப்போகிறார்கள், விருப்பமில்லாதவர்கள் இங்கேயே நிற்கலாம் என்கிறார்கள், என்ன செய்ய? இரண்டாவதில், ஏன் பதில் இல்லை, என்னிலே கோபமா, உன் அண்ணனுக்கு நான் பாரமாகிவிட்டேனா என்று கேட்டிருந்தான். மூன்றாவது முந்தின நாள்தான் வந்தது.

"'ஞாயிறு இருட்டுப்படேக்கை கப்பல் வெளிக்கிடும். அதுக்கு முதல் ஒருக்கா இந்தக் கடைக்கு வந்து பாப்பன். பதில் இல்லாட்டில் ஏறுவன். இஞ்சை ஒரு பொடியனுக்கு அவன்ரை தேப்பன் எழுதின மாதிரி ஏஜென்சிக்காரனே எழுதி ஏத்தி அனுப்பிப்போட்டான். ஆனபடியால் எழுதினால் எங்கள் ரண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச ஒண்டை எழுது. இல்லாட்டில் நம்பமாட்டன்.'"

யேசுரட்ணம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். "இண்டைக்குத்தான் ஞாயிறு. அங்கை இப்ப பின்னேரம் அக்கா."

மக்டலீனுக்கு இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க லாண்டிங் கிடைத்துவிட்டது, இனி அவனை ஸ்பொன்ஸர் செய்யலாம் என்று லோயர் போன கிழமைதான் சொல்லியிருந்தார். அவன் ஏறாமல் நின்றால் போதும். எல்லோரையும் அறைக்கு வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானே இருந்து அடித்தாள். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, பாதிக் கடிதம் முடித்திருப்பாள். மேலே யாரோ போனைத் தூக்கினார்கள். லைன் அறுந்தது, அடித்ததும் போய்விட்டது. அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பி ஓடிவந்தார்கள்.

யேசுரட்ணம் மறுபடி லைன் எடுத்தான். "நீங்கள் சொல்லுங்கோ, நான் கெதியா அடிக்கிறன்."

"ஏறவேண்டாம் எண்டு போடுங்கோ. லாண்டிங் கிடைச்சிட்டுது எண்டு போடுங்கோ."

அடித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஒன்று. கலியாணச் சேலையின் நிறத்தைச் சொன்னாள். "அது முழு ஊருக்கும் தெரியும் பிள்ளை" என்று ஜோசப்பின் மெல்லச் சொன்னாள். கஸ்பர் அவளைக் கூப்பிடும் செல்லப்பெயரைச் சொன்னாள். அது அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஏஜென்சிக்காரனோடு கதைத்ததே அண்ணன்தான். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் பத்து வீட்டில் கதைக்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது என்று என்னதான் இருக்கும்?

ஒன்று இருந்தது. அது வாய்க்குள் வந்து நின்றது. அவள் நீக்கிலாப்பிள்ளையைப் பார்த்தாள். கஸ்பரின் தகப்பன் இவருடைய வள்ளத்தில்தான் தொழிலுக்குப் போனவர். கஸ்பர் காதில் வருத்தம், கடலுக்குப் போக ஏலாது என்று சொல்லிப் பஞ்சு வைத்துக்கொண்டு கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுக்கப் போனபோது, பஞ்சுக்காதன் என்று பெயர் வைத்தவரும் இவர்தான். திரும்பவும் வெளியே போய் நில்லுங்கள் என்று இவரிடம் எப்படிச் சொல்வது? இது அவருடைய வீடு, அவருடைய பெட்டி, அவருடைய பாஸ்வேர்ட். போனாலும் அடிக்கிற யேசுரட்ணத்துக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தால் எல்லோருக்கும் தெரியும். கஸ்பர் என்றைக்காவது இந்த நாட்டுக்கு வந்து இறங்கினால், இந்த முகங்களுக்குள்தான் சீவிக்கவேண்டும். அவன் தன்னை மன்னிக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. மன்னிக்காமல் உயிரோடு இருக்கட்டும்.

"போடுங்கோ தம்பி" என்றாள். "உங்கடை காதிலை ஒரு வருத்தமும் இல்லை. உங்களுக்குக் கடலெண்டால் பயம்."

யேசுரட்ணத்தின் விரல்கள் நின்றன.

"அடியுங்கோ. கலியாணம் முடிச்ச அண்டு இரவு எனக்கு மட்டும் சொன்னனீங்கள். வள்ளத்திலை கால் வைச்சால் நெஞ்சு அடைக்கும், சாரத்தோடை மூத்திரம் போகும் எண்டு. என்ரை மடியிலை படுத்துக் குழறினனீங்கள். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இஞ்சேருங்கோ, ஏறாதேங்கோ."

ஜோசப்பின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீக்கிலாப்பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று மக்டலீன் பார்க்கவில்லை. அவர் எழும்பிப் படிகளில் ஏறிப்போகும் சத்தம் மட்டும் கேட்டது. "ஒருத்தரும் போனிலை கை வைக்கப்படாது. கேட்டுதா?" என்று மேலே யாருக்கோ சொன்னார்.

கடிதம் போய்விட்டது. யேசுரட்ணம் பதில் வந்திருக்கிறதா என்று பெட்டியைத் திரும்பத் திறந்தான். பக்கத்தின் உச்சியில் ஊர்க் கரையின் படமொன்றை அவன் ஆசைப்பட்டுப் போட்டிருந்தான். பெரிய படம், அந்த லைனில் மெல்ல மெல்லத்தான் இறங்கும். அது முழுக்க வந்த பிறகே கடிதங்களின் வரிசை தெரியும். முதலில் வானம் வந்தது. பிறகு கடல் வந்தது, ஒரு விரல் அகலம், இன்னொரு விரல் அகலம். புதிதாக ஒன்றும் இல்லை. அவன் மறுபடி அழுத்தினான். மக்டலீன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி வானம் வந்தது, அதன் கீழே கடல் நிறைய ஆரம்பித்தது.