மூன்றாமவளுக்கு ஒரு வீடு

மட்டக்களப்பில் பெண்ணைப் பெற்றவர்கள் முதலில் மாப்பிள்ளையைத் தேடுவதில்லை, வீடு கட்டும் மேசனைத் தேடுகிறார்கள். பெண்ணுக்கு வீடு எழும்ப வேண்டும், பிறகே மணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவான். வீடு எழும்பாத பெண்? அவள் காத்திருப்பாள். கூரையற்ற சுவரில் பாசி படரும். அவள் தலையில் நரை படரும். எந்தச் சட்டமும் இதை எழுதவில்லை. எந்தச் சட்டமும் இதைவிட ஒழுங்காகப் பின்பற்றப்படவும் இல்லை. இந்த வழக்கத்தை ஒரு காதல் நாவலால் அசைத்துவிடலாம் என்று அஜந்தா நம்பினாள்.

அவள் திட்டமிட்டது ஒரு தொடர். வாவிக்கரையில் நான்கு சகோதரிகள். ஒருத்திக்கு ஒரு நாவல். ஒவ்வொரு அட்டையிலும் வெவ்வேறு நிறக் கதவு. ஒவ்வொரு நூலோடும் அந்தக் கதவின் சாவியாக ஒரு சின்னத் திறப்பு இலவசம். தொடக்க அத்தியாயங்களை முகநூலில் பகுதி பகுதியாக வெளியிட்டாள். முதல் இரண்டும் விற்ற இடத்தை அவளே எதிர்பார்க்கவில்லை. புதுவீடு புகும் குடிபூரல் விழாக்களில் குத்துவிளக்கோடு அவளுடைய நாவல்களையும் பரிசாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்றாமவளுக்கு மட்டும் வீடு கொடுக்க அஜந்தா விரும்பவில்லை. ஏனெனில் அந்த மூன்றாமவள், கதையில் பெயர் மாறி வரும் கம்சாயினி, அஜந்தாவின் தோழி. தகப்பன் இறந்தபோது கொக்கட்டிச்சோலையில் அவளுடைய வீடு யன்னல் மட்டத்தோடு நின்றுபோனது. வீடில்லாமலே மணக்க, அவளைக் காதலித்த உதயரூபன் ஆயத்தமாக இருந்தான். அவனுடைய தாய் ஆச்சிப்பிள்ளை இணங்கவில்லை. அந்த ஆச்சிப்பிள்ளையோ அஜந்தாவின் நாவல்களை ஒரு வரி விடாமல் வாசிப்பவள்.

"நாங்க சொன்னா மாமி கேக்கமாட்டா. நீ எழுதினாக் கேப்பா," என்றாள் கம்சாயினி. "ரெண்டாம் புத்தகத்துக்கு மூக்கச் சிந்திச் சிந்தி அழுதவகா அவ! மூண்டாவதில அந்தப் புள்ளய வீடில்லாமக் கட்டி வை. நல்லா அழ வை."

"நீ கலியாணம் கட்டுறதுக்கு நான் உன்ட மாமிய அழ வைக்கணுமா?"

"இல்லாட்டி மறுகா என்னத்துக்குகா எழுத்தாளர்?"

இருவரும் சிரித்தார்கள். அஜந்தா வாக்குக் கொடுத்தாள்; வாக்கின்படியே எழுதினாள். மூன்றாமவள் நகரத்தில் ஒரு வாடகை அறைக்குக் கணவனோடு குடிபோனாள். பழஞ்சேலை ஒன்றைக் கிழித்து யன்னலுக்குத் திரை போட்டாள். அஜந்தா எழுதியவற்றுள் உண்மையான அத்தியாயம் அதுதான்.

பதிப்பாளர் வினாயகமூர்த்தி அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் இரிக்கு மகள். ஆனா வாடகை அறைக்குப் போறவள்ற கதைய ஆர் குடிபூரலுக்குக் குடுக்கிற?"

"இது காதல் கதை ஐயா. வீட்டு விளம்பரமில்ல."

"அப்ப திறப்ப ஏன் குடுத்த?"

மேசையில் கிடந்த இரண்டாம் நூலின் திறப்பை அஜந்தா விரலால் நகர்த்தினாள்.

"புரட்சிய நாலாவதில செய்," என்றார் அவர், கனிவாகவே. "இதில கைவெச்சாத் தொடர் அறுந்திரும்."

அஜந்தா இறுதி அத்தியாயத்தை மாற்றினாள். கனடா மாமன் பணம் அனுப்பினான், கூரை ஏறியது, அதுவரை பொறுமையோடு காத்திருந்த காதலன் புதுவீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தான். ஒரு பெண்ணின் தலைக்கு மேல் கூரையை எழுத்தில் ஏற்றுவது எவ்வளவு எளிது! தோழியிடம் அவள் இதைச் சொல்லவில்லை. நான்காவது நாவலில் ஈடுசெய்யலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெளியீட்டு விழாவுக்கு ஆச்சிப்பிள்ளை நாவலை வாசித்து முடித்துவிட்டே வந்தாள். கையொப்பத்துக்கு நூலை நீட்டியபோது அவள் முகம் மலர்ந்திருந்தது.

"ஞாயமா எழுதியிருக்காய் புள்ள. கடைசி அத்தியாயத்த உதயனுக்கும் வாசிச்சுக் காட்டினன். நான் கம்சாயினிய வேணாமெண்டு சொல்லல்லயே. அந்தக் கதையில வாற பொடியன் மாதிரிப் பொறுமையா இரு மகன் எண்டன். அவன் மறுகா கட்டாருக்கு வேலைக்குப் போறன், உழைச்சுக் கூரையப் போடுவம் எண்டுட்டான்."

அஜந்தாவின் பேனை நின்றது.

"மாமி, நான் முதல்ல எழுதின முடிவு வேற. அந்தப் புள்ள வீடில்லாமத்தான் கட்டினது. விக்காதெண்டு மாத்திட்டன்."

ஆச்சிப்பிள்ளை கோபிக்கவில்லை.

"கதையிலயே நீ துணியல்ல. நான் என்ட மகன்ட வாழ்க்கையில துணியிறதா?"

அஜந்தா கையொப்பமிட்டு நூலைத் திருப்பிக் கொடுத்தாள்.

வரிசை நகர்ந்தது. அடுத்து நின்றவள் கம்சாயினி.

"வாழ்த்துகள்," என்றாள். ஏளனம் அதில் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "கூரை போட உனக்கு எத்தின பக்கம் போச்சு?"

"ரெண்டு."

"உதயன் மூண்டு வருசமெண்டு சொல்றார். மேசன் அஞ்சு எண்டுறான்."

"கம்சா, நாலாவதில நான்..."

"நாலாவது வேற புள்ளயல்லோ? நான் மூண்டாமவள்."

நூலை எடுத்துக்கொண்டாள். அதோடு வந்த திறப்பை மட்டும் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இது உன்னிட்டயே இரிக்கட்டும். எனக்கு இன்னும் கதவு வைக்கல்ல."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியேறினாள். வாயிலில் காத்து நின்ற உதயரூபன் அவளுடைய குடையை வாங்கி விரித்துப் பிடித்தான்.

வரிசையில் அடுத்து நின்ற பெண் மூன்று நூல்களையும் ஒன்றாக அடுக்கி நீட்டினாள்.

"குடிபூரலுக்கு அக்கா. பொம்புள மாப்பிள்ளை பேரப் போட்டு, வாழ்த்தி எழுதித் தாங்க."

அஜந்தா பெயர்களைக் கேட்டாள். எழுதிக் கொடுத்தாள்.