ஒத்திகையில் ஜனெல்

பெர்னிஸ் வைட்காஃப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். தனக்கு நடிப்பு வராது என்று வில்ஃப்ரட் மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"நடிக்க வேண்டாம் புள்ள. காணாமப் போன பொண்ணோட அம்மா மாதிரி வந்து உக்காரு, போதும். பஸ்ல பிள்ளைங்கள அதட்டுற மாதிரி மட்டும் அதட்டிடாத. புதுப் போலீஸ் பசங்க சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு ஓடிருவானுங்க."

வில்ஃப்ரட் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கனடாவின் வடக்கே எங்கள் கிரீ பழங்குடி ஊர்களுக்கு வேலைக்கு வரும் புதியவர்களுக்கு இப்போது பயிற்சி கொடுத்துவந்தார். எங்கள் பெண் ஒருத்தி காணாமல் போனால் வீட்டாரிடம் எப்படிப் பேசுவது, அன்றைக்கே என்னென்ன செய்வது என்பதுதான் பாடம். மாமா எதற்காகத் தன்னைக் கூப்பிடுகிறார் என்று பெர்னிஸுக்குத் தெரியும். அவள் தங்கை ஜனெல் காணாமல் போய் ஆறு குளிர்காலம் ஆகிவிட்டது. அன்று ஸ்டேஷனுக்குப் புகார் சொல்லப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முகத்தை நிமிர்த்தாமலே, "எங்கயாவது குடிச்சிட்டுக் கிடப்பா, வந்துருவா" என்று அனுப்பிவைத்தார். அதன்பிறகு அவள் கதவுப் பக்கம் காதை வைத்தே தூங்கப் பழகியிருந்தாள்.

ஊர்ப் பொதுக்கூடத்தில் ஒத்திகை. ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. பெர்னிஸ் மகளைத் தேடும் அம்மா, மகள் பெயர் டீனா, வயது பதினாறு. அவ்வளவுதான் ஏற்பாடு.

முதலில் கோல்பி என்ற பையன் எதிரே உட்கார்ந்தான்.

"உங்க பொண்ணு குடிக்குமா?"

"எந்திரி," என்றார் வில்ஃப்ரட். "எடுத்த எடுப்புலயே அதக் கேட்டுட்ட. இனிமே அந்தம்மா உங்கிட்ட வாயத் தொறக்காது."

அடுத்து ஒடெட் என்ற பெண் வந்தாள். நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துவந்து பெர்னிஸின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுல அவள என்னன்னு கூப்பிடுவீங்க?"

இதற்குப் பதில் தயார் செய்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"அணில்னு. கன்னத்துல அடக்கி வச்சுக்கிட்டே தின்பா, அதான்."

ஒடெட் சிரித்தாள். "கோவம் வந்தா எங்க போவா?"

"எங்கயும் போக மாட்டா. பஸ்ல பின்சீட்டுல வந்து உக்காந்துக்குவா. கடைசிப் பிள்ள எறங்கினதும் முன்னாடி வந்து பேச ஆரம்பிச்சிருவா."

"யாரையாவது பாத்து பயந்தாளா?"

"அவ வேல பாத்த பெட்ரோல் பங்க்குக்கு ஒருத்தன் வருவான். பச்சக் கலர் பிக்கப். அவன் வர்ற நேரம் வேண்டாம்னு ஷிஃப்ட்ட மாத்திக்கிட்டா. எங்கிட்ட மட்டும்தான் சொன்னா."

வில்ஃப்ரட் நிமிர்ந்து பார்த்தார். டீனாவுக்கு வேலை எதுவும் கொடுத்திருக்கவில்லை அவர்.

ஒடெட்டுக்கு அது தெரியாது. அவள் மேசை மேலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தாள். "ரெண்டு வண்டி உடனே வேணும். ஒண்ணு பெட்ரோல் பங்க்குக்குப் போகட்டும். பச்ச பிக்கப் எங்க நின்னாலும் நிறுத்துங்க. நான் அவங்க அக்கா கூட வர்றேன்." பெர்னிஸ் பேசியது அக்கா பேச்சாகவே இருந்ததால், அம்மா என்று சொல்ல வேண்டியவள் அக்கா என்று சொன்னதை அவளே கவனிக்கவில்லை.

பெர்னிஸ் எழுந்துவிட்டாள். நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தாள்.

"வாங்க, சீக்கிரம் போயிரலாம். அவ மெல்லிசு ஜாக்கெட்தான் போட்டிருக்கா."

கூடத்தில் யாரும் அசையவில்லை. வாக்கிடாக்கியில் பேட்டரிகூட இல்லை.

"பெர்னிஸ்," என்றார் வில்ஃப்ரட் மெதுவாக. "உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. பாதி மாட்டிய கோட்டோடு வெளியே போய் பஸ் படியில் உட்கார்ந்தாள். உள்ளே மூஸ் மான் கறியும் ரொட்டியும் பரிமாறும் சத்தம் கேட்டது. வில்ஃப்ரட்டிடம் ஜனெல் கதையைக் கேட்டுக்கொண்டு, ஒடெட் தட்டு எதுவும் இல்லாமல் வந்து எதிரே நின்றாள்.

"பிக்கப் ஆள் விஷயம் அப்பவே சொன்னீங்களா?"

"யாரு கேட்டா?"

"கண்டுபிடிச்சிருவேன்னு சொல்ல மாட்டேன். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து இத எனக்குத் திரும்பச் சொல்லுவீங்களா?"

"இத்தன வருஷம் கழிச்சா?"

"ஆமா."

பெர்னிஸ் போனாள். ஒடெட் அந்த ஆளைத் தேடிப் பிடிக்க வசந்தம் முடிந்துவிட்டது. முதலில் தெரியாது என்றான். அப்புறம், வீட்டில் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டதாகவும், வழியில் சண்டை வந்ததாகவும், மரம் வெட்டுகிறவர்கள் போகும் பாதையில் பனிப்புயலில் இறக்கிவிட்டுப் போனதாகவும் ஒப்புக்கொண்டான். அவ்வளவுதானா என்று கோர்ட் முடிவு செய்யட்டும். கொசு மொய்க்கும் அந்தப் பாதையில் ஊரே வரிசையாக நடந்தது. மூன்றாவது முறை நடந்தபோது, ஒரு வில்லோ புதருக்குள் ஜனெல் கிடைத்தாள். ரோட்டை நோக்கித்தான் நடந்திருக்கிறாள்.

அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். எங்கள் வழக்கப்படி நாலு ராத்திரி நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒடெட்டும் விறகு சுமந்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது பெர்னிஸ் அவளிடம் சொன்னாள்:

"கெடைச்சிட்டா. நல்லதுதான். ஆனா அன்னைக்கு ஒத்திகையில நீ வண்டி கேட்டப்ப, எனக்கு அவ அன்னைக்குக் காலையிலதான் போயிருந்தா. போனா கூட்டிட்டு வந்துரலாம். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் மனசு கெடந்து ஏங்குது."

ஒடெட் அவள் தோளில் கையை வைத்தபடி நின்றாள்.

இலையுதிர் காலத்தில் வில்ஃப்ரட் தயங்கித் தயங்கி வந்து நின்றார். அடுத்த பயிற்சிக்குப் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள், முடியாது என்றால் வேண்டாம் என்றார்.

"வர்றேன் மாமா," என்றாள் பெர்னிஸ். "ஆனா டீனா கீனான்னு பேரு வைக்காத. ஜனெல்னே சொல்றேன். நான் அவ அக்கா."