பிடரிக் கோடு

மகேந்திரராஜா சொல்வதில் பாதியைத்தான் ஜேர்மனியின் டோர்ட்மண்டில் யாரும் நம்புவார்கள். மற்றப் பாதியை அவரே நம்புவதில்லை. போன குளிர்காலத்தில், தோட்டத்தில் குருவிகளுக்கு வைத்த தீனிக்கூண்டில் பென்குயின் வந்து நிற்கிறது என்று சத்தியம் செய்து மனைவியைக் கூப்பிட்டவர் அவர். யோகம் அடுப்படியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள். அப்போது அவளால் ஓட முடிந்தது.

இந்தக் குளிர்காலத்தில் யோகத்தின் கட்டில் யன்னலோரம் வந்துவிட்டது. நுரையீரலுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மூக்கில் ஒட்சிசன் குழாய். யன்னலுக்கு வெளியே, கட்டிலுக்கு நேரே, கொழுப்புருண்டை தொங்கும் கூண்டு.

அவளுக்கு ஓர் ஆசை மிச்சமிருந்தது. நெடுவால் சிட்டு என்று ஒன்று கூட்டமாக வரும்; உடம்பு பஞ்சுருண்டை, வால் அகப்பைக் காம்பு. இந்த ஊர்ச் சிட்டுக்குக் கண்ணுக்கு மேலே கறுப்புப் பட்டை. வடக்கேயிருந்து எப்போதாவது வரும் பிரிவுக்குத் தலை முழுதும் வெள்ளை. ஆனால் ஊர்ச் சிட்டிலும் வெள்ளைத்தலை பிறப்பதுண்டு; அங்கேதான் சிக்கல். பிடரியைப் பார்க்க வேண்டும். வெள்ளையும் கறுப்பும் கலங்கிக் கிடந்தால் ஊர். கத்தியால் வெட்டியதுபோலக் கோடு விழுந்தால் வடக்கு. இத்தனை வருடமும் அவள் பார்த்தவை எல்லாம் கலங்கிய பிடரிகள்; வடக்குச் சிட்டு ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. மகேந்திரராஜாவின் நரைத்த தலையையும் ஒருநாள் திருப்பிப் பார்த்து, "நீங்களும் ஊர்தான்" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

பொங்கலுக்கு மறுநாள் காலை கூட்டம் வந்தது. அதில் ஒன்று வெள்ளைத்தலை.

"இஞ்சாருங்கோ, பிடரியைப் பாருங்கோ! எனக்குத் தெரியேல்லை." தொலைநோக்கி அவள் கையில் நடுங்கியது. அவரிடம் நீட்டினாள்.

அவர் பார்த்தார். அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரு கோடு.

"யோகம், இது வடக்குத்தான். சத்தியமா!"

"சும்மா விடுங்கோ. சாகப்போறவள் எண்டு சமாளிக்கிறியள்."

"இல்லையப்பா, கோடு கிடக்கு!"

"பென்குயினுக்கும் இப்பிடித்தான் சத்தியம் பண்ணினனீங்கள்."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் சீவியத்தில் விட்ட பகிடிகள் எல்லாம் ஒன்றாக வந்து அவரைப் பார்த்துச் சிரித்தன.

"இரும், படம் எடுத்துக்கொண்டு வாறன்." ஃபோனைத் தூக்கிக்கொண்டு வீட்டுச் செருப்போடு தோட்டத்துக்கு ஓடினார். கதவுச் சத்தத்தில் கூட்டம் சிதறியது. வெள்ளைத்தலை நேரே வீட்டுப் பக்கம் பறந்தது. யன்னல் கண்ணாடியில் வானமும் மரமும் தெரிந்தன.

டொக். சின்னச் சத்தம்தான்.

பனியிலிருந்து அதை எடுத்தார். தேத்தண்ணிக்குப் போடும் சீனியளவு பாரம். வேறென்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே கொண்டுவந்து யோகத்தின் உள்ளங்கையில் வைத்தார். இன்னும் சூடு இருந்தது. அவள் பெருவிரலால் பிடரி இறகை நீவி, வெகுநேரம் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "வடக்குத்தான்."

ஒருவழியாக அவர் சொன்னதை ஒருத்தி முழுதாக நம்பிவிட்டாள். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

யோகம் யன்னல் கண்ணாடியைப் பார்த்தாள். "நான் ஒட்டின பருந்துப் படங்கள் எங்கை?"

குருவிகள் மோதாதிருக்க அவள் ஒட்டியவை அவை. பொங்கலுக்கு முன் வீடு துடைப்பது எப்போதும் அவள் வேலை. படங்களைச் சுற்றித் துடைப்பாள். இம்முறை அவர் கையில் வந்த வேலை. கூண்டு அவளுக்கு வடிவாகத் தெரியட்டும் என்று படங்களைச் சுரண்டி, வினாகிரி போட்டு, கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குத் துடைத்திருந்தார்.

வாயைத் திறந்தார். பருந்துகள் குளிர் தாங்காமல் தெற்கே பறந்துவிட்டன என்று ஒரு பகிடி நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான் சுரண்டினனான்," என்றார். "உமக்கு வடிவாத் தெரியட்டும் எண்டு."

ஒட்சிசன் மெஷின் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மீதிச் சிட்டுகள் போகவில்லை. செடியில் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

யோகம் குருவியோடு கையை மூடிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள், "இதுக்கெண்டாலும் ஒரு பொய் சொல்லியிருக்கலாமே."